அரைக் கிலோ குட்டியும் ஒன்பது மணி நேர இரவும்: சர்க்கரை இறங்கி விழுந்த ஒரு டாய் பொமரேனியன் (நிகழ்வு ஆய்வு)

கீழே வருவது ஒரே வீட்டில் நடந்ததன் பதிவு அல்ல. டாய் பொமரேனியன், சிவாவா, ஷிட்சு, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரியான சிறு இனக் குட்டிகள் புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எந்த வரிசையில் சறுக்குகின்றனவோ, அந்த வரிசையை ஒரு குட்டியின் மேல் வைத்து எழுதியது. எண்கள் எல்லாம் இந்த எடைக்கும் வயதுக்கும் உரியவை.

வந்த நிலை

பெண் குட்டி. விற்றவர் சொன்ன வயது 60 நாள். பெங்களூரிலிருந்து காரில் சென்னைக்கு வந்தது. மூன்றாம் மாடி அடுக்ககம், நவம்பர் மழை. வெள்ளி இரவு வந்த குட்டி, திங்கள் காலை 6 மணிக்கு வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன இடத்தில், டைல்ஸ் தரையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் கண் அசைகிறது, தலை தூக்கவில்லை. முன்கால் இரண்டும் விட்டுவிட்டுத் துடித்தன. எடுத்து நிறுத்தினால் துணி மாதிரி துவண்டது.

ஏழே கால் மணிக்கு மருத்துவமனை மேசையில் எடை 480 கிராம். ஈறு வெளுத்திருந்தது, விரல் வைத்தால் பிசுபிசுத்தது. ஈறை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இங்கே 3 ஆனது. உடல் வெப்பம் 35.8 டிகிரி செல்சியஸ், அதாவது 96.4 ஃபாரன்ஹீட். இருக்க வேண்டியது 38-க்கு மேல். காது நுனியில் குத்திய ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை 31 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்; கீழே வரும் சர்க்கரை எண்களும் அப்படியே). மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால் உண்மையான எண் கொஞ்சம் மேலே இருந்திருக்கலாம். ஆனாலும் 60-க்குக் கீழே இறங்கினாலே சர்க்கரைக் குறைவுதான். துடிப்பும் துவளலும் சேர்ந்திருக்கும்போது எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

மேசையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வாந்தி, பேதி பற்றியதல்ல. “கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டுச்சு, எவ்வளவு?” என்பதுதான். பதில்: “ராத்திரி ஒன்பது மணிக்கு டாக்டர், ரெண்டு ஸ்பூன் செரலாக்.” பாதி நோயறிதல் அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது.

வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை

காரில் ஏழு மணி நேரம். வாந்தி எடுக்கும் என்று சொல்லி வழியில் எதுவும் கொடுக்கவில்லை. அட்டைப் பெட்டி பின்சீட்டில், ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் பசும்பால், குட்டி குடித்தது.

சனிக்கிழமை காலை குளிப்பாட்டினார்கள், நாற்றம் அடிக்கிறது என்று. ஃபேன் காற்றில் உலர்ந்தது. அன்று பகல் முழுக்க உறவினர்கள் வருகை. குட்டி மடி மாறிக்கொண்டே இருந்தது. பாலில் ஊறிய பிரெட், செரலாக், நடுவில் யாரோ ஒரு துண்டு பிஸ்கட். மாலையில் வயிறு இளகியது. பசும்பாலின் லாக்டோஸ், அதிகமாகக் கொடுத்தால் குட்டிகளுக்குச் செரிக்காது. அதற்கு மேல் இரண்டு நாளில் மூன்று வகை உணவு மாற்றம்.

இரவில் குட்டியைத் தனியாக விட்டார்கள். இதற்கு ஒரு காரணமும் இருந்தது: முதல் நாளே பக்கத்தில் படுக்கவைத்தால் பழகிவிடும், அழவிட்டால் தானாக அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெள்ளியும் சனியும் நடுராத்திரி தாண்டி அழுதது. ஞாயிறு பகலில் விளையாட்டு குறைந்தது, தூக்கம் கூடியது. ‘இப்போதான் செட்டாகுது’ என்று வீட்டில் நினைத்தார்கள். சிறு குட்டி திடீரென்று அமைதியானால் அதைப் பழகிவிட்டதாக எடுத்துக்கொள்வது இந்த வகை நிகழ்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை. அமைதியான குட்டி சாப்பாட்டுத் தட்டைக் கண்டதும் எழுந்து ஓடி வரவேண்டும். ஓடி வராத அமைதி சோர்வு.

மூன்று நாளில் ஒரு தடவைகூட எடை பார்க்கவில்லை. விற்றவர் வெள்ளியன்று காட்டிய எடை 530 கிராம். பேதியிலும் பட்டினியிலும் 50 கிராம் போனது, அதாவது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. சமையலறைத் தராசில் சனி இரவே வைத்திருந்தால் ஞாயிறு காலையே மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள்.

ஏன் இந்த உடம்புக்கு இது தாங்கவில்லை

வளர்ந்த நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் ரத்தச் சர்க்கரை பெரிதாக இறங்காது. கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன், அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவம், முதலில் கைகொடுக்கும். அது தீர்ந்தால் தசையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கல்லீரலே சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். அரைக் கிலோ குட்டிக்கு இந்த மூன்றுமே குறை. கல்லீரல் சிறியது, அதில் இருப்பு சில மணி நேரத்துக்குத்தான். தசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கல்லீரலின் தயாரிப்பு வேலை இன்னும் முழுதாகப் பழகவில்லை. ஆனால் மூளை, உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதற்குச் சர்க்கரை விடாமல் வேண்டும். உடம்பு சிறுக்கச் சிறுக்க எடைக்கு நேர் தோல் பரப்பு கூடும் என்பதால் சூடும் வேகமாக வெளியே போகும். போகிற சூட்டை ஈடுகட்டவும் சர்க்கரைதான் எரியும்.

இந்தக் கணக்கில் வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் செலவுப் பக்கம். ஏசி காற்று, குளியல், ஈரம், டைல்ஸ் தரை எல்லாம் சூட்டுச் செலவு. மடி மாறிய பகல், தூக்கம் கெட்ட பகல். இரண்டு இரவு அழுகையும் உழைப்புதான். பேதி, வரவையும் வெட்டியது. பெரிய இனக் குட்டியை அழவிடுவது சரியா தவறா என்பது வளர்ப்பு முறை பற்றிய விவாதம். டாய் இனக் குட்டியில் அது விவாதமே இல்லை: அழுகை நேராகச் சர்க்கரையைத் தின்னும். குட்டியை நிம்மதியாக வைப்பதும் பாதுகாப்பாக வைப்பதும் இந்த எடையில் ஒரே வேலைதான்.

வயதும் பொய். உதட்டை விலக்கிப் பார்த்தால் முன்பற்களும் கோரைப் பற்களும் வெளியே இருந்தன; கன்னப் பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு பாதியில் நின்றன. பால்பல் மொத்தம் 28: முன்பல் 12, கோரைப் பல் 4, கன்னப் பல் 12. எட்டு வாரத்தில் பெரும்பாலும் எல்லாம் வந்திருக்கும். டாய் இனங்களில் பல் சற்றுத் தாமதிக்கும் என்பதைக் கழித்தாலும், இந்த வாய் ஆறு வாரத்தைத் தாண்டவில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்கின்றன. இரண்டு வார வித்தியாசம் என்று லேசாகப் பேச வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில்தான் குட்டி தாய்ப்பாலை முழுதாக விட்டுத் திட உணவில் நிலைபெறும். கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடி எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

கோப்பைக்குள் அடங்கும் மிகச் சிறிய நாய் என்ற பொருளில் ‘டீகப்’ என்று விளம்பரம் செய்வதைப் பற்றியும் ஒரு சொல். எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் அப்படி ஒரு வகையை ஏற்கவில்லை. அமெரிக்கத் தர விவரப்படி வளர்ந்த பொமரேனியனே 1.4 முதல் 3.2 கிலோதான். அதற்கும் கீழே என்று விற்பது பல நேரம் ஈற்றிலேயே இளைத்த குட்டி, அல்லது வயது குறைந்த குட்டி.

மேசையில் செய்தது

முன்கால் நரம்பில் ஊசி ஏறியது. ஏறாவிட்டால் தொடை எலும்பின் மேல்முனை வழியாக எலும்புக்குள்ளேயே ஏற்றலாம். இந்த எடையில் அதற்கும் தயாராக இருக்க வேண்டும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 0.5 மி.லி., அதோடு அதே அளவு சலைன் கலந்து, ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினார்கள். கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. என்பதில் இது கீழ் அளவு. நீர்க்காமல் கொடுத்தால் நரம்பு புண்ணாகும். தோலடியில் போட்டால் தோலே அழுகும்.

பத்து நிமிடத்தில் சர்க்கரை 96. குட்டி தலை தூக்கியது. வீட்டார் கிளம்பத் தயாரானார்கள். கிளம்பக்கூடாத கட்டம் அதுதான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 58. ஒரே தடவை ஏற்றிய சர்க்கரை எரிந்து தீர்ந்துவிட்டது, கல்லீரலில் இருப்பு இன்னும் நிரம்பவில்லை. அதனால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன் மணிக்கு 3 மி.லி. வீதம் ஓடியது. 60 துளிக்கு ஒரு மி.லி. விடும் மைக்ரோ டிரிப் செட்டில் அது நிமிடத்துக்கு 3 துளி. சாதாரண டிரிப் செட்டைக் கண் மதிப்பில் திறந்துவிட்டால் அரை மணியில் குட்டியின் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

சூடேற்றுவது மெதுவாக. வெந்நீர்ப் பை, மேலே இரண்டு மடிப்பு டவல், குட்டி விரும்பினால் நகர்ந்துபோக ஒரு பக்கம் காலி. ஹேர் டிரையர், நேரடி ஹீட்டர் இரண்டும் இல்லை. அவை தோலைச் சுடும், உள்சூட்டை ஏற்றாது. உடம்பு 37-ஐத் தாண்டும்வரை வாய்வழி உணவு கொடுக்கவில்லை. குளிர்ந்த உடம்பில் குடல் நகராது. கொடுத்தது வயிற்றில் தேங்கி வாந்தியாகும், வாந்தி மூச்சுக்குழலில் போகும். பதினொன்றரை மணிக்கு 38.1. அதற்குப் பிறகு குழைத்த பப்பி உணவு, இரண்டு மணிக்கொரு தரம் 3 கிராம். டிரிப் அடுத்த நாள் காலை படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. செவ்வாய் மாலை வீட்டுக்கு; எடை 495.

இதற்கிடையே வேறு காரணங்களும் பார்க்கப்பட்டன. பார்வோ (குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் தரும் வைரஸ் நோய்) இல்லை என்று கிட் சோதனை காட்டியது. தடுப்பூசி போடாத, வயிறு போகும் எந்தக் குட்டியிலும் இதைத் தவிர்க்கக்கூடாது. மலத்தில் உருண்டைப் புழு முட்டைகள் இருந்தன. உச்சந்தலையில் எலும்பு மூடாத பள்ளம் இல்லை. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகும் பிறவிக் கோளாறு யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்றவற்றில் அதிகம் காணப்படும். அதற்கான பித்த அமிலச் சோதனை, உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் எடுப்பது, இப்போது தேவைப்படவில்லை. சரியாகச் சாப்பிடும்போதும் சர்க்கரை மறுபடி இறங்கினாலோ, நான்கு மாதத்துக்கு மேலும் இது தொடர்ந்தாலோ செய்ய வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்

காலை 6-லிருந்து 7.15 வரை வீட்டில் நடந்ததில் ஒன்று ஆபத்தானது. கைக்குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் பால் எடுத்து, குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றினார்கள். விழுங்கும் உணர்வே இல்லாத குட்டி. பால் மூக்கு வழியாக வெளியே வந்தது. வலது நெஞ்சில் லேசான கரகரப்பு கேட்டது. இரண்டு நாள் கவனித்ததில் நிமோனியாவாக முற்றவில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரில் வெதுவெதுப்பான நீர் சில துளி விட்டுத் தேன் பதத்துக்குக் குழைக்க வேண்டும். தேன் இருந்தால் தேன், எதுவும் இல்லாவிட்டால் சர்க்கரைப் பாகு. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட எதையும் தொடக்கூடாது. குட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, விரல் நுனியில் தொட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்க்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை மி.லி., ஐந்து நிமிடத்துக்கொரு தரம். ஊற்றக்கூடாது, சிரிஞ்சில் பீய்ச்சக்கூடாது. வலிப்பு வந்துகொண்டிருந்தால் விரலை உள்ளே விடாமல் உதட்டோரத்தில் பூசினால் போதும். டவலில் சுற்றி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, உடனே கிளம்ப வேண்டும். தலை தூக்கிவிட்டது என்று பாதி வழியில் திரும்ப வேண்டாம். 96-லிருந்து 58-க்கு இறங்கியதை மேலே பார்த்தோம். இரவு எங்கே திறந்திருக்கும் என்ற விவரத்தைக் குட்டி வருமுன்பே எடுத்துவைப்பது நல்லது.

தேறிய பிறகு சிலர் நாள் முழுக்கக் குளுக்கோஸ் தண்ணீர் வைத்துவிடுவார்கள். அது தவறு. சர்க்கரை ஏறி, இன்சுலின் சுரந்து, மறுபடி இறங்கும், குட்டிக்குச் சாப்பாட்டில் ஆசை போகும், வயிறும் இளகும். குளுக்கோஸ் முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். தட்டில் புரதமும் கொழுப்பும் உள்ள உணவு.

வீட்டுக்கு எழுதிக் கொடுத்த கால அட்டவணை

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஓய்வில் இருக்கும் உடம்புக்கு, எடையின் (கிலோவில்) 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் கலோரி. 480 கிராமுக்கு அது 40. வளரும் குட்டிக்கு அதுபோல மூன்று மடங்கு, அதாவது நாளைக்கு 120 கலோரி. நல்ல பப்பி ஸ்டார்ட்டர் உணவில் 100 கிராமுக்கு 400 கலோரி அளவு இருக்கும். பையின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளவும். ஆக உலர் உணவு நாளைக்கு 30 கிராம். எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 4 கிராம், 8 மி.லி. வெந்நீரில் கால் மணி ஊறவைத்து விரலால் மசித்தால் ஒரு மேசைக்கரண்டி. காலை 6, 9, 12, 3, மாலை 6, இரவு 9, 12, பின்னிரவு 3.

பின்னிரவு 3 மணி வேளைதான் எல்லாரும் விட்டுவிடப் பார்ப்பது. முதல் வாரம் அதை விடக்கூடாது. இரண்டாம் வாரம் எடை ஒழுங்காக ஏறினால் அதை நிறுத்தி, 12 மணி வேளையை இரண்டு கிராம் கூட்டி, காலை வேளையை ஐந்துக்கு முன்னே கொண்டுவரலாம். பத்து வாரத்தில் ஆறு வேளை, மூன்று மாதத்தில் நான்கைந்து, நான்கு மாதம் தாண்டினால் மூன்று. எந்தக் கட்டத்திலும் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் ஒரு மணியில் மறுபடி வைக்க வேண்டும். இரண்டு வேளை தொடர்ந்து ஒதுக்கினால் அன்றே மருத்துவரிடம்.

செரலாக் பற்றிக் கேட்பார்கள். குழந்தைக்கானது, நாய்க்குட்டிக்கு வேண்டிய அளவு புரதம் அதில் கிடையாது. தயிர்சாதமும் அப்படியே. சிக்கன் சாதம் சத்தானதுதான், ஆனால் எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் என்றால் கால்சியம் கிடைக்காது; நாளடைவில் கால் வளையலாம், லேசாகக் குதித்தாலே முறியலாம். வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால் மருத்துவரிடம் முழு அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எடை: ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசில், ஒரு கிண்ணம் வைத்துப் பூஜ்யமாக்கி, தினம் காலை உணவுக்கு முன். வளர்ந்தபின் எதிர்பார்க்கும் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 2 முதல் 4 கிராம் ஏற வேண்டும். இரண்டரைக் கிலோவுக்கு வரும் குட்டி என்றால் நாளைக்கு 5 முதல் 10 கிராம். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் போன்.

இடம், இரவு, தூக்கம்

வாஷிங் மெஷின் மூலையிலிருந்து குட்டி ஹாலுக்கு வந்தது. நாலடிக்கு நாலடிக் கம்பித் தடுப்பு, கம்பி இடைவெளி ஒரு அங்குலத்துக்கு உள்ளே. பொமரேனியன் குட்டியின் தலை இரண்டு அங்குலச் சந்தில் நுழைந்துவிடும். பால்கனி கிரில்லிலும் இதே கணக்கு, அதனால் கீழே இரண்டடி உயரத்துக்கு வலை. தடுப்புக்குள் ஒரு மூலையில் வாசல் திறந்த சிறு கூண்டு, மடித்த போர்வை, எதிர்மூலையில் செய்தித்தாள். தரையில் ரப்பர் பாய், டைல்ஸில் கால் வழுக்காமல் இருக்க. ஏசி ஓடும் அறையானால் 26-க்குக் கீழே வேண்டாம், காற்று நேராகப் படக்கூடாது.

இரவில் கூண்டு கட்டிலுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில். அழுதால் முதலில் சிறுநீருக்கு எடுத்துப்போய்த் தாளில் விட வேண்டும். விளையாட்டு இல்லை, பேச்சு இல்லை, விளக்கு மங்கல். திரும்பப் படுக்கவைத்து விரலை வைத்திருந்தால் சில நிமிடத்தில் தூங்கிவிடும். இந்தக் குட்டி மூன்றாம் இரவிலிருந்து 12 மணி வேளைக்கும் 3 மணி வேளைக்கும் மட்டும் எழுந்தது. தனியாக இருக்கப் பழக்குவது பகல் வேலை: சாப்பிட்டுத் தூங்கும்போது அறையை விட்டு இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து. அழும் முன்பே திரும்பி வர வேண்டும்.

தூக்கம் நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். வீட்டுக் குழந்தைக்கு ஒரே விதி: தூங்கும் குட்டியைத் தொடக்கூடாது, தரையில் உட்கார்ந்தால்தான் மடியில் வைக்கலாம். விளையாட்டு பத்து நிமிடம், பிறகு ஓய்வு. உறவினர் வருகை இரண்டு வாரம் தள்ளிப்போனது. சிலர் வருத்தப்பட்டிருப்பார்கள்.

சிறுநீர்ப்பை சின்னது. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், விழித்திருக்கும்போது முக்கால் மணிக்கொரு தரமும் தாளுக்கு எடுத்துப்போக வேண்டும். தாளில் விட்டால் அந்த நொடியே பாராட்டும் ஒரு பருக்கை உணவும். வெளியே விட்டதற்குத் திட்டினால், குட்டி கற்றுக்கொள்வது மறைவாக விடுவதை மட்டுமே. சோஃபாவுக்கு அடியில் காய்ந்து கிடப்பதை ஒரு வாரம் கழித்துப் பார்ப்பீர்கள்.

விழாமல், விழுங்காமல்

சோஃபா 45 செ.மீ. உயரம். குட்டியின் உயரத்தைப் போலப் பல மடங்கு. டாய் இனங்களில் முன்கை எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பென்சிலை விட ஒல்லி. அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. முறிந்தால் கட்டு மட்டும் போட்டுச் சேர்வது அரிது, பெரும்பாலும் பிளேட் வைக்க வேண்டிவரும். அதனால் சோஃபாவிலும் கட்டிலிலும் குட்டி கிடையாது. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்புறத்தில், நான்கு காலும் தரை தொடும்வரை விடக்கூடாது. ஊஞ்சல் இருக்கும் வீட்டில் ஊஞ்சலைக் கட்டிவைக்கவும். வாசல் கதவு காற்றில் அறையாமல் தடுக்கட்டை. மொட்டை மாடியில் தனியாக விட வேண்டாம். அரைக் கிலோ குட்டியைப் பருந்து தாக்கலாம், காகம் கொத்தலாம்.

விழுங்கக்கூடாதவற்றில் முதலிடம் சைலிட்டால். சுகர் ஃப்ரீ சூயிங் கம், சில வகை நிலக்கடலை வெண்ணெய், சில பற்பசைகளில் இருக்கும் இனிப்பு. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு இன்சுலினைப் பீறிடச் செய்து சர்க்கரையை வீழ்த்தும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். இந்தக் குட்டிக்கு அது 50 மில்லிகிராம், ஒரு கம்மில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அடுத்து பூஜை அறைக் கற்பூரம், பீரோவின் அந்துருண்டை, எலி கேக், சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம். காய்ச்சல் என்று குழந்தையின் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுக்கும் பழக்கத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

ஊசி, புழு மருந்து, உண்ணி

புழு மருந்து, சர்க்கரை நிலைத்த மூன்றாம் நாள், அன்றைய எடைக்கு அளந்து, சாப்பிட்ட பின். பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கொரு தரம், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம்.

தடுப்பூசி, சோர்ந்த உடம்பில் போடப்படவில்லை. எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, பிறகு 12, 16. கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னே விழுந்தால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதை வீணாக்கிவிடக்கூடும். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல். இங்கே அதை மற்ற ஊசியோடு சேர்க்காமல் 14-ஆவது வாரத்துக்குத் தள்ளினார்கள், ஏனென்றால் சிறிய உடம்பில் ஒரே நாளில் பல ஊசி சேரும்போது ஒவ்வாமை வாய்ப்பு கூடுகிறது. முகம் வீங்கினால், தோல் தடித்தால் பார்க்க அரை மணி காத்திருந்து கிளம்புவது நல்லது. ‘சின்னக் குட்டிதானே, அரை டோஸ் போடுங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. தடுப்பூசியின் அளவு எடையைப் பார்த்து வைத்ததல்ல. அரை டோஸ் போட்டால் போட்டதற்கு உத்தரவாதம் இல்லை.

உண்ணி விஷயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். உண்ணி மாத்திரைகளில் பல, 2 கிலோ தாண்டிய நாய்களுக்கே. கடையில் எளிதாகக் கிடைக்கும் அமிட்ராஸ் கழுவல் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. டாய் இனங்கள் அதில் மயங்கிச் சோர்வதும் உண்டு. சோர்ந்து கிடக்கும் குட்டியைச் சர்க்கரை இறங்கியதா, மருந்து ஏறியதா என்று பிரித்தறிவதும் கடினம். சிறு பல் சீப்பு, சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், தினம் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுதல். மீறினால் குட்டிகளுக்கு ஏற்ற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே, மருத்துவர் சொல்லும் அளவில். குளியல், தடுப்பூசிகள் முடியும்வரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி.

பின்தொடர்வு

ஏழாம் நாள் 530 கிராம், விற்றவர் காட்டிய பழைய எடைக்குத் திரும்ப ஒரு வாரம். 21-ஆம் நாள் 650. நடுவில் ஒரு மாலை, குட்டி தூக்கக் கலக்கத்தில் தள்ளாடியதாகப் போன் வந்தது. வீட்டிலேயே பார்த்ததில் சர்க்கரை 88, ஒரு வேளை உணவு கொடுத்ததும் சரியாகிவிட்டது. 16 வாரத்தில் 1.2 கிலோ, நான்கு வேளையில் இருந்து மூன்றுக்கு மாறும் கட்டம். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பட்டை வாங்கியிருக்கிறார்கள். பொமரேனியனின் மூச்சுக்குழல் எளிதில் அமுங்கும், இழுத்து நடந்தால் பின்னாளில் வாத்து கத்துவதுபோல் இருமல் வரும்.

ரேபிஸ் சான்றிதழைக் கொண்டு மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லப்பட்டது. கருத்தடை அறுவைக்கு வரும்போது சாதாரண முறைப்படி இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது; இந்த அளவு நாய்க்கு எத்தனை மணி நேரம் என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அடுத்த பரிசோதனை ஆறாம் மாதம், பால்பல் விழுந்ததா என்று பார்க்க. கோரைப் பல் இரட்டையாக நின்றால் அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம்.